வெள்ளிவிழாப் படத்தை விழுங்க மறுத்த லேப்டாப்

பேரன்புக்குரிய மருமகள் சிட்டுவுக்கு,

உன் அம்மா பிறந்த வீட்டில் அவளுக்கு முன்பே பிறந்து, அவளுக்கு நடக்கவும் பேசவும் சண்டை போடவும் கற்றுக்கொடுத்த உன் ஒரே தாய்மாமன் ஆசீர்வாதங்களை அள்ளிப்போட்டு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். உன் அத்தை நலம். என் இடது முழங்கால் சுமார். உன் அத்தையின் குரல் முன்னைவிட நலம். அங்கே நீ, உன் அம்மா, உன் அப்பா, அவருடைய தொப்பை ஆகிய அனைவரின் நலமும் அறிய ஆவல்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்படி இல்லீங்க, இப்படி", "அது அவர் சொன்னது, நீங்க சொன்னதில்ல" என்று வரிக்கு வரி திருத்தம் போடுவாள். சரித்திரத்தை அப்படியெல்லாம் சொல்ல முடியாது. தவிர, நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிவது எனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு என்னைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, அவ்வளவுதான். என் எழுத்தைப் பார், அச்சடித்த மாதிரி இல்லை? நீ இந்த விஷயத்தை அம்மாவுக்குத் தெரியாமல் ரகசியமாக வைக்கச் சொன்னதையும் நான் மறக்கவில்லை. அதனால்தான் உறையின் மேல் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'இதில் ரகசியம் இருக்கிறது, அம்மா பிரிக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறேன். இனி யாருக்கும் சந்தேகமே வராது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா அப்பா கல்யாண வீடியோவின் ஒரு பிரதி உங்கள் வீட்டில் இருந்ததும், உன் அப்பா அதன் மேலிருந்த படத்தைக்கூடப் பார்க்காமல் ஏதோ பழைய பாட்டு சிடி என்று நினைத்து, மாடியில் புறா விரட்டுவதற்காகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதும், வெயிலும் மழையும் அடித்து அது சல்லடையாய்ப் போனதும், உன் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுததும் உனக்கும் தெரியும், புறாக்களுக்கும் தெரியும். அதிலிருந்து உன் அம்மா யார் கல்யாண வீடியோவைப் பார்த்தாலும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள் என்று நீ சொன்னதையும் நான் மறக்கவில்லை. சினிமாவில் இருபத்தைந்து வாரம் ஓடினாலே வெள்ளிவிழா என்று மாலை போட்டுக் கொண்டாடினோம். உன் அம்மா இருபத்தைந்து வருஷம் உன் அப்பாவோடு ஓட்டியிருக்கிறாள். அந்த வெள்ளிவிழாவுக்கு, "மாமா, உங்க கிட்ட ஒரு காப்பி இருக்காமே, விழா அன்னிக்கு அம்மாவுக்குத் தெரியாம போட்டுக் காட்டணும், எப்படியாவது அனுப்புங்க" என்று நீ கேட்டதும் நான் என்ன சொன்னேன்? "மாமா இருக்கேன், நீ தூங்கு கண்ணு" என்றேன். சொன்னபோது எனக்கு அந்த சிடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அது வேறு விஷயம்.

சிடியை நான்தான் கண்டுபிடித்தேன். உன் அத்தையின் இரும்புப் பெட்டிக்குள், அவளுடைய பட்டுப் புடவைகளுக்கு நடுவில், துணி சுற்றி, அதன் மேல் இன்னொரு துணி சுற்றி இருந்தது. பெட்டியைத் திறந்ததும், எடுத்ததும், துணியைப் பிரித்ததும் உன் அத்தை. ஆனால் தேட வேண்டும் என்று யோசனை சொன்னது நான். சிடியின் மேல் உன் அம்மா அப்பாவின் கல்யாணப் படத்தை ஸ்டுடியோக்காரர் வட்டமாக அச்சடித்திருக்கிறார். நடுவில் ஓட்டை இருப்பதால் உன் அப்பாவுக்கு ஒரு காது இல்லை. மற்றபடி கீறல் இல்லை, தூசி இல்லை, புத்தம் புதுசு.

என்னிடம் இருக்கும் லேப்டாப் உனக்குத் தெரியும். நான் தியேட்டரில் ஆபரேட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, முதலாளி கண்ணீர் மல்க, "உங்களுக்கு இதைவிடப் பெரிசா என்ன கொடுக்கறதுன்னு தெரியல" என்று சொல்லிக் கையில் கொடுத்தது. அது கடைசி நாள் குலுக்கலில் விழுந்தது என்று உன் அத்தை சொல்வாள். குலுக்கல் என்பது ஒரு சாக்கு. ஆக, நான் குளித்து, சட்டை மாற்றி, லேப்டாப்பை மேஜையில் வைத்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். தட்டு வெளியே வந்தது. சிடியை வைத்தேன். உள்ளே தள்ளினேன். கிர்ர்ர் என்று சுற்றியது, டக் டக் என்று ஏதோ யோசித்தது, மறுபடி கிர்ர்ர், பிறகு மூச்சே இல்லை. திரையில் ஒரு பெட்டி வந்து, 'தயவுசெய்து டிஸ்க்கைச் செருகவும்' என்றது. நான் செருகியதை அதன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டே! பந்தியில் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் இலை போடவில்லையா என்று கேட்பவனைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அவன் மனிதன். எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் தயவுசெய்து. தட்டிப் பார்த்தேன். தயவுசெய்து. உன் அத்தை, "அதுவாவது மரியாதையா கேக்குதே, நீங்க ஏன் திட்டறீங்க?" என்றாள்.

அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டேன். முதலில் ஒரு பெண், "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்றாள். நானும், "ரொம்ப சந்தோஷம்மா, எனக்கும் உங்க கம்பெனி முக்கியந்தான்" என்று ஆரம்பித்து, வெள்ளிவிழா, புறா, உன் அப்பா எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லி முடித்தபோது, அவள் மறுபடியும் அதே வாக்கியத்தை அதே அழுத்தத்தோடு சொன்னாள். பதிவு செய்த குரலாம். பரவாயில்லை, நடுவில் குறுக்கே பேசாமல் நான் சொன்னதை முழுசாகக் கேட்டது இந்த வீட்டில் அந்தக் குரல் ஒன்றுதான். அப்புறம் பாட்டு. அப்புறம் நிஜமான ஓர் அம்மாள் வந்தார். பெயர் சொன்னார், பாட்டுச் சத்தத்தில் பிடிபடவில்லை. நானும் அத்தையும் அவருக்குக் குரலம்மா என்று பெயர் வைத்துவிட்டோம். அப்படி ஒரு பொறுமை. "சொல்லுங்க சார், நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்று அவர் கேட்ட விதத்தில், கோளாறு இல்லாவிட்டாலும் ஒரு கோளாறு சொல்லத் தோன்றும்.

"டிரைவ் என்ன மாதிரி சத்தம் போடுது சார்?" என்று கேட்டார். சத்தம் என்றால் என்னிடமா கேட்பது? முப்பது வருஷம் புரொஜெக்டர் ஓடும் சத்தத்திலேயே எந்தப் பல்சக்கரத்தில் எண்ணெய் குறைவு என்று சொன்னவன் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "கிர்ர்ர்ர்... டக்... டக்டக்... கிர்ர்" என்று அச்சு அசலாகச் செய்து காட்டினேன். "சார், இன்னொரு தடவை செய்ய முடியுமா?" என்றார். செய்தேன். "ஒரு நிமிஷம் சார், எங்க மேலதிகாரியும் கேக்கணும்ங்கறார்." அவருக்கும் செய்தேன். பின்னால் பலபேர் சிரிப்பது போலக் கேட்டது, ஆனந்தமாகத்தான் இருக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து, புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குப் பாடமாக வைத்திருக்கிறார்கள் என்று நம்பத் தகுந்த இடத்திலிருந்து தகவல். அதாவது என் ஊகம்.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. அணைத்துப் போடச் சொன்னார், போட்டேன். பேட்டரியைக் கழற்றி, பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்து, மறுபடி மாட்டச் சொன்னார், மாட்டினேன். அடுத்து, திரையில் ஒரு பட்டியலுக்குள் போகச் சொல்லி, "அதுல சிடி டிரைவ்னு இருக்கும் சார், அதை அப்படியே நீக்கிடுங்க" என்றார். "அம்மாடி, உள்ளது ஒண்ணுதான், அதையும் நீக்கிட்டா?" "பயப்படாதீங்க சார், திரும்ப ஸ்டார்ட் பண்ணினா அதுவா வந்துரும்." எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் முதலாளி டிக்கெட் கிழிப்பவரை அடிக்கடி, "நாளையிலேர்ந்து வராதே" என்று வேலையை விட்டு நீக்குவார், அவர் மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து வாசலில் நிற்பார். அதேதான். நீக்கினேன், வந்தது. வந்து, அதே பழைய முகத்தோடு, தயவுசெய்து டிஸ்க்கைச் செருகவும் என்றது.

மறுநாள் குரலம்மா, "லென்ஸ்ல தூசி இருக்கலாம் சார், மெதுவா பஞ்சு வெச்சுத் துடைங்க" என்றார். மெதுவாக என்றுதான் சொன்னார், நான் முழுமையாக என்று எடுத்துக்கொண்டேன். லென்ஸைத் துடைத்த கையோடு, தட்டு ஓடும் தண்டவாளத்திலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். ஒரு சொட்டு என்றால், பாட்டில் என் கையிலிருந்து வழுக்காமல் இருந்திருந்தால் ஒரு சொட்டு. அப்புறம் சிடியை வைத்து மூடி, மறுபடி பொத்தானை அழுத்தியதும் பார்க்க வேண்டுமே! தட்டு பாய்ந்து வந்து காபி டம்ளரைத் தட்டிவிட்டு, அதே வேகத்தில் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது, நம் கல்யாண சிடியோடு. என்ன அழுத்தியும் திறக்கவில்லை. குரலம்மாவுக்குப் போன் போட்டால், "முன்பக்கம் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும் சார், அதுல காகிதக் கிளிப்பை நிமிர்த்திக் குத்துங்க" என்றார். கிளிப் இல்லை. உன் அத்தை தலையிலிருந்த ஊசியைப் பிடுங்கி, பல் வைத்தியர் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரே குத்து. தட்டு வாயைப் பிளந்தது. "எண்ணெய் போட்டீங்களா சார்?" என்று குரலம்மா சந்தேகத்தோடு கேட்டார். "எண்ணெயா? எந்த எண்ணெய்?" என்றேன். உன் அத்தை பக்கத்திலிருந்து, "தையல் மெஷின் எண்ணெய்" என்று பிராண்டோடு சொன்னாள்.

அதற்கும் மறுநாள், தானே வந்து பார்க்கிறேன் என்றார். நான் வேட்டியை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தால், திரையில் அம்புக்குறி தானாக நகர்கிறது! அங்கே உட்கார்ந்தபடியே நம் லேப்டாப்புக்குள் வந்து தேடுகிறார். உன் அத்தை ஓடிப்போய், மேஜையில் கிடந்த துணிகளை அள்ளி, நாற்காலியை நேராகப் போட்டு, திரையைப் பார்த்து, "வீடு கொஞ்சம் கலைஞ்சு கிடக்கு, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். "அவங்களுக்கு வீடு தெரியாதுடி" என்று சொல்லிக்கொண்டே நானும் தலையைச் சீவிக்கொண்டேன், எதற்கும் இருக்கட்டும் என்று. அம்புக்குறி எல்லாவற்றையும் திறந்து பார்த்தது. கடைசியில் ஒரு பெட்டியில், 'இந்தச் சாதனம் சரியாக இயங்குகிறது' என்று வந்தது. "சார், எங்க பக்கத்துல எல்லாம் சரியா காட்டுது." எனக்கு வந்ததே கோபம்! "அம்மா, நாலாயிரம் படம் ஓட்டினவன் சொல்றேன். திரை இருட்டா இருக்கும்போது மெஷின் நல்லா இருக்குன்னு சொன்னா ஜனங்க நாற்காலியைப் பிச்சிருவாங்க!" அவர் அசரவில்லை. "உங்க வருத்தம் புரியுது சார். எங்க ஆளை நேர்ல அனுப்பறேன், புது டிரைவ் மாத்திக் கொடுப்பார்" என்றார். இந்தக் கம்பெனி இவ்வளவு பெரிய கம்பெனியானது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

வந்தார் ஒருவர். ஆள் கொஞ்சம் கனம், அவர் தோளில் தொங்கிய பை அவரைவிடக் கனம். படி ஏறி வந்த களைப்பில் முதல் ஐந்து நிமிஷம் அவருக்குத்தான் வைத்தியம் செய்தோம். பிறகு லேப்டாப்பைக் குப்புறப் போட்டு, மளமளவென்று திருகாணிகளைக் கழற்றி, பழைய டிரைவை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், "தையல் மெஷின் வாசனை வருதே?" என்றார். நான் ஜன்னலைப் பார்த்தேன். புது டிரைவை மாட்டி, தன் பையிலிருந்து ஒரு சிடியை எடுத்துப் போட்டார். பளிச்சென்று மலை, அருவி, பறவை. "முடிஞ்சது சார்!" பை தோளுக்கு ஏறியது, போய்விட்டார். நான் நம் சிடியைப் போட்டேன். தயவுசெய்து டிஸ்க்கைச் செருகவும்.

குரலம்மாவிடம் மறுபடி முறையிட்டேன். பைக்காரர் மறுபடி வந்தார். இன்னொரு புது டிரைவ். அவர் போட்டால் மலை, அருவி, பறவை. அவர் போனதும் நான் போட்டால் தயவுசெய்து. மூன்றாவது தடவை அவர் வாசலில் நின்றபோது, உன் அத்தை கேட்காமலே காபி டம்ளரை நீட்டினாள், அவரும் கேட்காமலே தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்தார். பாதி காபியில் டம்ளரை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க. டிரைவ்ல குறையே இல்ல. மூணு டிரைவும் பொய் சொல்லாது. உங்க சிடி செத்துப் போச்சு. பழைய சிடிங்க, உள்ளுக்குள்ளேயே அழிஞ்சிரும், வெளியே தெரியாது."

சிட்டு, உன் மாமன் எதற்கும் அசராதவன். தியேட்டரில் ஒரு தடவை ரீல் தீப்பிடித்தபோது வெறும் கையால் அணைத்தவன். ஆனால் அதைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இனி எங்கே போய்த் தேடுவது? ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது பல் ஆஸ்பத்திரி. இருந்தது ரெண்டே பிரதி. விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. உன் அத்தை சிடியை வாங்கி முந்தானையால் துடைத்தாள், துடைத்ததையே துடைத்தாள். "அவ கேட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா" என்று மட்டும் சொன்னாள். சிட்டு, அவள் உன்னைச் சொல்லவில்லை, உன் அம்மாவைச் சொன்னாள். புறா சமாச்சாரம் நடந்த புதிதில் உன் அம்மா போன் செய்து, "அண்ணி, உங்க காப்பியை மட்டும் பத்திரமா வெச்சுக்கோங்க, என்னிக்காவது வந்து பாக்கறேன்" என்று சொல்லியிருக்கிறாள். அதனால்தான் துணி மேல் துணி. எனக்கு இது அன்றைக்குத்தான் தெரியும்.

பைக்காரருக்கும் மனசு கேட்கவில்லை. எழுந்தவர் உட்கார்ந்தார். "சார், கடைசியா ஒரே ஒரு தடவை நீங்களே போடுங்க, நான் பக்கத்துலேர்ந்து பாக்கறேன்" என்றார். நான் சிடியை வாங்கினேன். விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஊதினேன். லாவகமாகத் திருப்பினேன். தட்டில் வைத்து, நடுவில் அழுத்தினேன்.

"சார்..." என்றார். "ஒரு நிமிஷம். அதை ஏன் கவுத்துப் போடறீங்க?"

எனக்கு அவர் மேல் பரிதாபமாகிவிட்டது. படித்தவர், ஆனால் படம் ஓட்டியதில்லை. "தம்பி, உக்காருங்க" என்று சொல்லி விளக்கினேன். "புரொஜெக்டர்ல ஃபிலிமை எப்படி மாட்டணும்? தலைகீழா மாட்டணும். அப்பத்தான் திரையில நேரா வரும். படம் இருக்கற பக்கம் எதைப் பாக்கணும்? விளக்கைப் பாக்கணும். இந்த மெஷின்ல விளக்கு எங்கே இருக்கு? கீழே. லென்ஸ் கீழே இருக்கறதை நான்தான் பஞ்சால துடைச்சேனே! இந்த சிடியில படம் எந்தப் பக்கம் இருக்கு? இதோ, என் தங்கச்சி, பக்கத்துல ஒத்தைக் காதோட மாப்பிள்ளை. அப்ப இந்தப் பக்கம் விளக்கைப் பாக்க வேணாமா? மேலே பாத்து வெச்சா கூரை மேலயா படம் தெரியும்?"

பை அவர் தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "சார்," என்றார் கடைசியில், "நான் இந்த வேலைக்கு வந்து எவ்வளவோ பாத்துட்டேன். இந்தக் கோணத்துல எங்க கம்பெனியில இதுவரைக்கும் யாருமே யோசிச்சதில்ல." அவர் தழுதழுத்த குரலில் சொன்ன அந்தப் பாராட்டை நான் தன்னடக்கத்தோடு ஏற்றுக்கொண்டேன். பிறகு அவர் கையை நீட்டி, சிடியை எடுத்து, திருப்பி, படம் மேலே தெரிய வைத்துத் தள்ளினார். உன் அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அதையும் மீறிச் சிரிப்பு பீறிட்டு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வழியச் சிரித்தாள். நான் ஒன்று சொல்கிறேன் சிட்டு, என் கணக்குச் சரி. மெஷினைத்தான் தலைகீழாகச் செய்திருக்கிறார்கள்.

கிர்ர்ர் என்றது. டக் டக் இல்லை. தயவுசெய்து இல்லை. திரை நீலமாகி, நட்சத்திரமெல்லாம் பறந்து, உன் அம்மா பெயரும் அப்பா பெயரும் ரெண்டு இதயத்துக்குள் சுழன்றுகொண்டு வந்தன!

என்ன படம் தெரியுமா! உன் அம்மா மேடையில் நிற்கிறாள், உன்னைவிட ஒல்லி, உன்னைவிட அழகு, கோபித்துக்கொள்ளாதே. உன் அப்பாவுக்குத் தலை நிறைய முடி, நம்ப முடியவில்லை, நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அவருடைய ஷூவை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள் போலிருக்கிறது, ரெண்டு அளவு பெரிய ஷூவில் மேடைக்கு வருகிறார். அடிக்கு ஒரு தடவை டப், டப் என்று கேட்கிறது. ஷூ முன்னால் போகிறது, மாப்பிள்ளை பின்னால் வருகிறார். உன் அம்மா குனிந்து பார்க்கிறாள், உதட்டைக் கடிக்கிறாள், தோள் குலுங்குகிறது, அப்புறம் அடக்க முடியாமல் சிரித்துவிடுகிறாள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? வெட்கப்படாமல், அவள் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே, மேடையை இன்னொரு சுற்று சுற்றி வருகிறார். டப், டப், டப்! எதைச் சொன்னாலும் 'ம்' என்று பதில் சொல்லும் உன் அப்பா! அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன், ஆனால் இதை நான் பார்க்கவே இல்லை. என்ன காரணமென்றால், அந்தக் கல்யாண வீடியோவையே நான்தான் கேமராவைப் பார்த்தபடி முன்னால் நின்று இயக்கினேன். பாதிப் படத்தில் நான் இருக்கிறேன், மீதிப் படத்தில் என் முதுகு இருக்கிறது. வீடியோக்காரர் ஓர் இடத்தில், "அண்ணே, கொஞ்சம் நகருங்க அண்ணே" என்று சொல்வது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அப்போதே எனக்கு எப்பேர்ப்பட்ட மரியாதை பார்.

பைக்காரர் போகவில்லை. உன் அத்தைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, "இவர் யாரு? அந்தச் சிவப்புப் புடவை யாரு? அட, அது நீங்களா!" என்று கேட்டுக்கொண்டே முழுப் படமும் பார்த்தார். நடுவில் குரலம்மா போன் செய்தார், எங்கள் ஆள் என்ன ஆனார் என்று விசாரிக்க. பின்னால் கல்யாணப் பாட்டு கேட்டதும், "சார்! படம் வந்துருச்சா?" என்று கத்தினார். அவர் சொல்லி, அங்கே இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். மூன்று தளத்திலும் தட்டினார்கள் என்று வைத்துக்கொள்ளேன். "பிரச்சினை என்ன சார்?" என்று கேட்டார். பைக்காரர் போனை வாங்கி, என்னை ஒரு பார்வை பார்த்து, "மேடம், தொழில்நுட்பக் கருத்து வேறுபாடு" என்றார். நல்ல மனுஷன். குரலம்மா கடைசியில், எங்கள் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டார். "ஐந்தெல்லாம் சில்லறைப் படத்துக்கும்மா. உங்களுக்கு வெள்ளிவிழா" என்றேன்.

பைக்காரர் கிளம்பும் முன், "சார், இதை நான் ஒரு பென் டிரைவ்ல போட்டுத் தரேன், இல்ல அப்படியே நெட்ல அனுப்பிடலாம், இப்பவே போயிரும்" என்றார். பென் டிரைவைக் காட்டினார். சுண்டு விரல் நகம் அளவுதான். "தம்பி, கல்யாண மண்டபம், வந்த ஜனம், சாப்பாடு எல்லாத்தையும் இந்தப் பொட்டுக்கடலைக்குள்ள போட்டு அனுப்பினா, பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? படம்னா வட்டமா இருக்கணும், பெட்டியில வரணும்" என்று சொல்லிவிட்டேன். அவரும் என் தொழில் பக்தியைப் பார்த்து மறுபேச்சுப் பேசாமல், புது சிடியில் பிரதி எடுத்துக் கொடுத்தார். எந்தப் பக்கம் மேலே என்று அம்புக்குறியும் போட்டுக் கொடுத்தார், உனக்காகத்தான். அதைப் பஞ்சு, அட்டை, பிளாஸ்டிக் தாள், மறுபடி அட்டை என்று சுற்றி, யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாதபடி கட்டி, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். இதைப் பிரித்து, உன் லேப்டாப்பில் போட்டு, உன் அம்மாவை உட்கார வைத்துக் காட்டு. மாமா சொன்னால் சொன்னதுதான்.

நீ நூறு வருஷம் சிரித்த முகமாக இரு. உன் அம்மாவுக்கு என் ஆசி, எதற்கு என்று சொல்லாமல் சொல்லிவிடு. உன் அப்பாவிடம், அவருக்கு இருந்த முடிக்கு என் மரியாதையைத் தெரிவி. உன் அத்தை தன் அன்பைத் தனியாகப் போனில் சொல்வாளாம், என் கடிதத்தில் சேர்த்தால் அதையும் நான் பெரிசாக்கிவிடுவேனாம்.

இப்படிக்கு,
உன் ஒரே தாய்மாமன்,
முன்னாள் தலைமை ஆபரேட்டர் (உதவி ஆபரேட்டர் என்று யாராவது சொன்னால் நம்பாதே)

பின்குறிப்பு: பொட்டலத்துக்குக் கடைசி நாடா ஒட்டிக்கொண்டிருந்தபோது உன் அத்தை, "ஏங்க, சிட்டு லேப்டாப்புல இந்தத் தட்டு வர்ற இடம் இருக்கா?" என்று கேட்டாள். லேப்டாப் என்றால் தட்டு இல்லாமலா என்று சிரித்தேன். சிரித்துவிட்டு, எதற்கும் குரலம்மாவுக்குப் போன் போட்டேன். "இப்ப வர்ற எந்த லேப்டாப்புலயும் சிடி டிரைவே கிடையாது சார், நாங்களே நிறுத்தி ரொம்ப நாளாச்சு" என்று அவர் சொன்னார். அந்தப் பொட்டுக்கடலையில் வாங்கியிருக்கலாமோ என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், தோன்றியது. பைக்காரரைத் திரும்பக் கூப்பிடலாம் என்றால், அவர் வருவதாகத்தான் சொல்கிறார், காபி கிடைக்கும் என்று. வேண்டாம் என்றுவிட்டேன். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். சிடி இந்த உறையில் வரவில்லை. நானும் உன் அத்தையும் வருகிறோம். லேப்டாப்பையும் சிடியையும் கையோடு எடுத்துக்கொண்டு, விழாவுக்கு முதல் நாள் வந்து இறங்குகிறோம். டிக்கெட் வாங்கியாகிவிட்டது, ஜன்னல் ஓர இடம் உன் அத்தைக்கு, நடு இடம் லேப்டாப்புக்கு. நீ ஒன்று மட்டும் செய். லேப்டாப்போடு சேர்க்கிற சின்ன புரொஜெக்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுவரில் சுருக்கமில்லாத வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி, உன் அம்மாவை முதல் வரிசையில் உட்கார வை. முப்பது வருஷம் சின்ன ஓட்டை வழியாக ஜனங்களின் பின்னந்தலையை மட்டுமே பார்த்துப் படம் ஓட்டியவன் நான். எந்த இடத்தில் சிரிக்கிறார்கள் என்பது சத்தத்தை வைத்துத்தான் தெரியும். இந்த ஒரு படத்தை மட்டும் முன்பக்கம் நின்று ஓட்டப் போகிறேன், என் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. மறைக்கிறது, நகருங்கள் என்று யாரும் சொல்லக் கூடாது.